ஒரே நோட்டில் இரண்டு பெயர்

ஜனவரி 12

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் குட்டியும் நலம். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கோபப்படுவதை அப்புறம் சாவகாசமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டேன்.

பயப்பட வேண்டாம், முழுப் படிப்பு இல்லை. முதல் வருட நுண்கணிதம், ஒரே ஒரு பாடம், மாலை வகுப்பு. செவ்வாயும் வியாழனும் ஆறிலிருந்து ஏழரை வரை. எங்கள் சாய ஆலைப் பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பாளர் ஜூன் மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு வர வேண்டும் என்றால் பல்கலைக்கழகத்து முதல் வருடக் கணிதத்தில் தேறியிருக்க வேண்டுமாம், தலைமை அலுவலகத்து விதி. பதினொரு வருடமாகச் சாயம் சரி பார்க்கிற எனக்கு அது இல்லை. என்னைவிட எட்டு வயது சின்னவரான பக்கத்து மேஜைக்காரரிடம் இருக்கிறது. அவருக்கு இல்லாதது, ஊதாவுக்கும் கத்தரிப்பூ நிறத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான்.

உங்களைக் கேட்காமல் சேர்ந்தது தப்புதான். கேட்டு எழுதி, பதில் வர எட்டு நாள் ஆகும். விண்ணப்பத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. என்ன செய்ய?

முதல் நாள் போனேன். அரைவட்டமாக ஏறிப் போகிற பெஞ்சுகள், எல்லாவற்றிலும் காம்பஸ் முள்ளால் கீறிய பெயர்கள். பேராசிரியை இடது கையால் எழுதி, வலது முழங்கையால் அழிக்கிறார். அவருக்கு ஒரு சட்டம் உண்டு. வீட்டுக் கணக்கைத் தனித்தனியாகக் கொடுக்கக் கூடாது. இரண்டு பேருக்கு ஒரு நோட்டு. ஒருவர் போட்ட கணக்கின் கீழே மற்றவர் சரி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு ஜோடியாக வந்தவர் ஒரு பஸ் ஓட்டுநர். டிப்போவிலிருந்து காக்கிச் சட்டையோடு நேராக வந்துவிடுகிறார். அவர் பரிசோதகராகப் பதவி உயர்வு கேட்டிருக்கிறாராம். அட்டையில் அவர் பெயரும் என் பெயரும் எழுதிக் கொடுத்தாயிற்று.

நீங்கள் முதல் வருடம் படித்து முடித்தவராயிற்றே. மாமா படுத்துவிட்டதால்தானே படிப்பை விட்டீர்கள். அதனால் தைரியமாக இருக்கிறேன். சந்தேகம் வந்தால் எழுதுகிறேன், சொல்லிக் கொடுங்கள்.

உங்கள்
வாயாடி


ஜனவரி 17

அன்புள்ள வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. நல்ல விஷயம்தான். சேர்ந்த பிறகு தெரிவிக்கிற அளவுக்காவது என் நினைவு இருந்ததே, அதுவரை சந்தோஷம்.

இங்கே வேலை மும்முரம். மலையின் இரண்டு பக்கத்திலிருந்தும் சுரங்கம் தோண்டி வருகிறார்கள். நடுவில் சந்திக்க வேண்டும். சந்திக்கிற இடத்தில் ஒரு சாண் விலகினாலும் எல்லார் கையும் சர்வேயரான என்னைத்தான் காட்டும். தகரக் கொட்டகையில் ஏழு பேர் படுக்கிறோம். எனக்கு ஒரு வாரமாக இருமல். தபால் வண்டி வாரத்துக்கு இரண்டு முறை. அலுவலகத்தில் ஒரு தொலைபேசி இருக்கிறது, ஆனால் குமாஸ்தா பக்கத்திலேயே நின்று கேட்பார். அதனால் அவசரம் என்றால் மட்டும்தான்.

சில கேள்விகள். வகுப்பில் பெண் பிள்ளைகளே இல்லையா? ஜோடி சேர ஒரு ஓட்டுநர்தான் கிடைத்தாரா? அவருக்கு என்ன வயசு? கல்யாணம் ஆனவரா? ஒரே நோட்டில் இரண்டு பெயர் எழுத வேண்டும் என்பது என்ன சட்டம்? நான் படித்தபோது அப்படியெல்லாம் கிடையாது.

நோட்டு யார் வீட்டில் இருக்கும்? அதையும் எழுது.

சந்தேகம் எதுவானாலும் அவரிடம் கேட்டுக்கொண்டு நிற்காதே, எனக்கு எழுது. கணக்கு எனக்குத் தண்ணி பட்ட பாடு.

உன்
அத்தான்


பிப்ரவரி 2

அன்புள்ள அத்தானுக்கு,

வரிசையாகப் பதில் சொல்கிறேன். பெண் பிள்ளைகள் பதினேழு பேர் இருக்கிறார்கள். எல்லாருக்கும் பதினெட்டு வயசு, என்னை ஆன்ட்டி என்கிறார்கள். முதல் நாள் யார் பக்கத்தில் உட்கார்ந்தோமோ அவர்தான் கடைசி வரை ஜோடி. கடைசி பெஞ்சில் இடம் இருந்தது, பஸ்காரர் இருந்தார், உட்கார்ந்தேன். வயசு உங்கள் வயசுதான். கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள். நோட்டு ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே.

எல்லை என்று ஒரு பாடம். இரண்டு வாரம் மண்டையில் ஏறவே இல்லை. நெருங்குகிறது, நெருங்குகிறது என்று பேராசிரியை பலகை முழுக்க எழுதுகிறார், போய்ச் சேர்ந்ததா என்றால் இல்லை. வெளியே வராந்தாவில் வைத்து பஸ்காரர் சொல்லிக் கொடுத்தார். "தங்கச்சி, டிப்போவுல இருந்து கடைசி ஸ்டாப் முப்பது கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துல போறேன். அதுக்காக என் வேகம் முப்பதுன்னு சொல்லிட முடியுமா? சிக்னல்ல நிக்கறேன், பாலத்துல அறுபதுல போறேன். அப்ப பாலத்த மட்டும் பாரு. பாலத்துலயும் நடுக் கம்பத்துக்கிட்ட மட்டும் பாரு. இப்படிக் குறுக்கிக்கிட்டே போனா ஒரு எண்ணுக்கிட்ட போய் நிக்கும்ல, அதத்தான் என் முன்னாடி இருக்கற முள்ளு காட்டுது. அந்தம்மா எழுதறதும் அதான்."

மறுநாள் வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் முன்னால் நின்று முள்ளையே பார்த்துக்கொண்டு போனேன். இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். இத்தனை வருடம் இதைப் பார்க்காமல் எப்படிப் பஸ்ஸில் போனேன் என்று இருந்தது. அந்த வாரக் கணக்குக்குப் பத்துக்கு ஒன்பது. யார் போட்டது என்று பேராசிரியை கேட்க, பஸ்காரர் என்னைக் கைகாட்டிவிட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சந்தோஷத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

போன வியாழன் ஒரு கூத்து. பஸ்காரர் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டாள். நோட்டில் கூட இருக்கிற பெயர் யாருடையது என்று பார்க்க வேண்டுமாம். என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். "ஓ, இவங்கதானா" என்றாள். சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நிம்மதியாகப் போனாள் என்பதில்தான் எனக்குக் கோபம்.

ஒரு சந்தேகம். குட்டிக்குக் காய்ச்சல் என்று ஒரு வகுப்புக்குப் போக முடியவில்லை. அன்றைக்கு சைன் நடத்தியிருக்கிறார்கள். பஸ்காரர் குறிப்பைப் பார்த்து எழுதிக்கொண்டேன். பூஜ்யத்தில் சைன் வளைவின் சாய்வு 1 என்று இருக்கிறது. ஏன் என்று கேட்டேன், பஸ்காரர் படம் போட்டுக் காட்டினார், பாதி புரிந்தது. சரிதானா என்று பார்த்து எழுதுங்கள். இருபதாம் தேதி அரைப் பருவத் தேர்வு. இதிலும் இறுதித் தேர்விலும் சேர்ந்து சராசரி ஐம்பது வந்தால்தான் தேர்ச்சி.

உங்கள்
வாயாடி


பிப்ரவரி 7

வாயாடிக்கு,

உன் கடிதத்தில் 'பஸ்காரர்' என்று ஆறு தடவை எழுதியிருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன். 'அத்தான்' ஒரே தடவை, அதுவும் கடிதத்தின் தலைப்பில். எனக்கு இருமல் இருக்கிறது என்று போன மாதம் எழுதினேன். அது போனதா இருக்கிறதா என்று ஒரு வரி இல்லை. முள்ளு காட்டியதாம், பாலமாம், நடுக் கம்பமாம். தங்கச்சியாம். வராந்தாவில் நின்று சொல்லிக் கொடுக்கிறாராம். வகுப்பு முடிந்த பிறகும் அங்கே என்ன வேலை?

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே போனாள் என்றால் அவள் புத்திசாலி இல்லை. உன்னைச் சரியாகப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் சொல்வேன்.

இனி கணக்குக்கு வருகிறேன். உன் பஸ்காரர் சொன்னது தப்பு.

பதினாறு வருடமாகக் கோணம் அளந்து, தினமும் சைன் அட்டவணை புரட்டுகிறவன் நான். அதை நீயும் பார்த்திருக்கிறாய், பச்சை அட்டைப் புத்தகம். சைன் பூஜ்யம் என்றால் பூஜ்யம். சைன் ஒன்று என்றால் 0.01745. ஒரு படி போனால் இவ்வளவுதான் ஏறுகிறது. அரைப் படிக்கு 0.00873. கால் படிக்கு 0.00436. குறுக்கிக்கொண்டே போகச் சொன்னார் அல்லவா, நானும் குறுக்கினேன். எப்படி வகுத்தாலும் சாய்வு 0.01745தான். ஒன்று என்பது எங்கிருந்து வந்தது? ஒன்று என்றால் நாற்பத்தைந்து டிகிரி ஏற்றம். அட்டவணையில் அப்படி ஏறவே இல்லை. பஸ் அந்த ஏற்றத்தில் ஏறுமா என்று அவரையே கேள்.

தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் 0.01745 என்று எழுது. வேறு யார் என்ன சொன்னாலும் கேட்காதே.

உன்
அத்தான்

பி.கு. இருமல் இன்னும் இருக்கிறது.


பிப்ரவரி 27

அத்தானுக்கு,

நூற்றுக்கு முப்பத்தெட்டு.

நாலாவது கேள்வி சைன். பூஜ்யத்தில் சாய்வு கண்டுபிடி, அதை வைத்துத் தொடுகோடு வரை, அந்தக் கோட்டை வைத்து இன்னும் இரண்டு பகுதி. மொத்தம் முப்பது மதிப்பெண். முதல் எண் தப்பானால் நாலும் தப்பு. நாலும் போயிற்று.

நடந்ததைச் சொல்கிறேன். தேர்வுக்கு முதல் நாள் உங்கள் கடிதத்தை பஸ்காரரிடம் காட்டினேன். முதல் பக்கத்தை மடித்து மறைத்துக்கொண்டு, கணக்கை மட்டும். அவர் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் டிகிரியில பாத்திருக்காரு தங்கச்சி. இது ரேடியன்ல பாக்கணும், கோணத்த வில்லோட நீளத்தால அளக்கறது" என்றார். எனக்கு வந்ததே கோபம். "பதினாறு வருஷமா அவர் கையில கருவி இருக்கு. உங்க கையில ஸ்டியரிங்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிப் போயிற்று. நோட்டை மூடி என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

தேர்வில் அவர் போட்டுக் காட்டிய படம் எனக்கு முழுசாக ஞாபகம் வந்தது. வட்டம், அதில் ஒரு சின்ன வில், பக்கத்தில் நிமிர்ந்த ஒரு கோடு. வில் சின்னதாகச் சின்னதாக இரண்டும் ஒரே நீளம். அப்போதுதான் பளிச்சென்று புரிந்தது, ஏன் ஒன்று என்று. 1 என்று எழுதினேன். தொடுகோடும் வரைந்தேன். பிறகு உங்கள் கையெழுத்து கண் முன்னால் வந்து நின்றது. எல்லாவற்றையும் அடித்துவிட்டு உங்கள் எண்ணை எழுதினேன். அடித்தது தாளில் இன்னும் தெரிகிறது, பக்கத்தில் பேராசிரியை சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.

தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று அவர், "டிகிரியில போட்டவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். கையைத் தூக்கினேன். நான் ஒருத்திதான். பிள்ளைகள் சிரித்தார்கள். பஸ்காரர் சிரிக்கவில்லை. அவருக்கு எழுபத்தொன்று.

இனி இறுதித் தேர்வில் அறுபத்திரண்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் ஜூலையில் பக்கத்து மேஜைக்காரர் எனக்கு மேலதிகாரி.

அத்தான், ரேடியன் என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியாதா?

வாயாடி


மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

மதிப்பெண்ணைப் பார்த்து வருத்தமாக இருந்தது. மனசை விட்டுவிடாதே.

டிகிரியும் ஒரு அளவுதான், ரேடியனும் ஒரு அளவுதான். எதில் போடு என்று கேள்வித்தாளில் எழுதியிருக்க வேண்டும். நாங்கள் களத்தில் ரேடியனெல்லாம் பார்ப்பதில்லை. அந்தப் பேராசிரியை ஒரு நாளாவது வெயிலில் கருவியைப் பிடித்து நின்றிருக்கிறாரா?

எனக்கு ஒன்று தோன்றுகிறது. அறுபத்திரண்டு என்பது லேசான காரியம் இல்லை. வேலைக்கும் போய், குட்டியையும் பார்த்து, இதையும் படித்து எதற்கு உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாய்? பதினொரு வருடம் இருந்த நாற்காலியிலேயே இருந்தால் யார் உன்னை என்ன சொல்லப் போகிறார்கள்? கோர்ஸை விட்டுவிடு. ஜூனில் லீவில் வருகிறேன், எங்காவது போய்விட்டு வரலாம்.

உன்
அத்தான்


மார்ச் 12

குட்டிக்கு மறுபடி வந்த காய்ச்சல் விட்டுவிட்டது. சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றியாயிற்று. இருமல் எப்படி இருக்கிறது?

கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை.

கோர்ஸை விடவில்லை. பஸ்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். வேறு விசேஷம் இல்லை.


ஏப்ரல் 2

அன்புள்ள வாயாடிக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால் வண்டி வருகிற நாளெல்லாம் போய் நிற்கிறேன். குமாஸ்தா என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கையை விரிக்கிறார். இருமல் போய்விட்டது. நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

ரேடியன் எனக்குத் தெரியும். உனக்கு அந்தக் கடிதம் எழுதியபோது நினைவுக்கு வரவில்லை, அது சத்தியம். அந்த ஆளைத் தோற்கடிக்கிற அவசரத்தில் அட்டவணையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் தபால் வண்டி போன மறுநாளே நினைவுக்கு வந்துவிட்டது.

சுரங்கம் ஒரு இடத்தில் வளைகிறது. வளைவின் நீளம் போட வேண்டும் என்றால் கோணத்தை ஆரத்தால் பெருக்கி, பிறகு 0.01745ஆல் பெருக்க வேண்டும். டிகிரியை ரேடியனாக மாற்றுகிற எண் அது. தினமும் பெருக்குகிறேன், ஏன் என்று யோசிக்காமலே. அன்று காலை அதை எழுதும்போது பென்சில் நின்றுவிட்டது. உனக்கு விடை என்று எழுதி அனுப்பியதும் இதே எண். உன் பஸ்காரர் சொன்ன ஒன்றுதான் சரி என்று நின்ற இடத்திலேயே தெரிந்துவிட்டது.

தேர்வுக்கு அப்போது பன்னிரண்டு நாள் இருந்தது. ஒரு கடிதம் போட்டிருக்கலாம். தொலைபேசியில் உன் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரே ஒரு வரி சொல்லியிருக்கலாம். அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தாவிடம் அவசரம் என்று சொல்லி ரிசீவரைக் கையில் எடுத்தேன். இணைப்புக் கொடுக்கிற பெண் "எந்த எண்?" என்று கேட்டாள். வைத்துவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். நான் சொன்னால் நீ நேராக அந்த வராந்தாவுக்குப் போய், "நீங்க சொன்னதுதான் சரி, எங்க வீட்டுக்காரர் தப்பா சொல்லிட்டாரு" என்று அவரிடம் சொல்வாய். நீ அதைச் சொல்கிற முகம் எனக்குத் தெரிந்தது. அவர் பெருந்தன்மையாகத் தலையாட்டுவதும் தெரிந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை. அந்தக் கேள்வி வராமலே போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டு நாளும் சொல்லிக்கொண்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இதைச் சொன்னதில் பிரயோசனம் இல்லை. நான் படிப்பை விட்டது அப்பா படுத்ததால் இல்லை. அப்பா படுத்தது அடுத்த வருடம். நான் நுண்கணிதத்தில் தோற்றேன். முதல் முறை இருபத்து மூன்று. மறுபடி எழுதினேன், பத்தொன்பது. அப்பாவின் உடம்பு எனக்கு ஒரு சாக்காகக் கிடைத்தது. உன்னைப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டில் அதைத்தான் சொன்னார்கள், நானும் மறுக்கவில்லை. பதினான்கு வருடம் மறுக்கவில்லை.

பஸ்காரர் மேல் பொறாமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது கொஞ்சம்தான். நீ முள்ளைப் பார்த்துக்கொண்டே போய் இறங்கும் இடத்தை விட்டாய் என்று எழுதினாயே, அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு ஒரு நாளும் அப்படி நடக்கவில்லை. அதே பெஞ்சில் இரண்டு வருடம் உட்கார்ந்தேன், ஒரு நாளும் நடக்கவில்லை. நீ ஒரு மாதத்தில் அங்கே போய்விட்டாய்.

இதைப் படித்த பிறகு நீ என்ன திட்டினாலும் சரி. திட்டியாவது எழுது.

உன்
அத்தான்


ஏப்ரல் 8

அத்தானுக்கு,

படித்தேன். இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை படிக்க எடுத்துவிட்டு, வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

நீங்கள் தோற்றதை என்னிடம் சொல்லியிருந்தால் ஒரு நாள் கேலி செய்திருப்பேன், மறுநாள் மறந்திருப்பேன். கல்யாணமான புதிதில் கடைக் கணக்கு, வங்கிக் கணக்கு எதுவானாலும் "விடு, உனக்குப் புரியாது" என்று என் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்குவீர்கள். கணக்கில் புலி, அதனால் பிடுங்குகிறார் என்று நானும் விட்டுக் கொடுத்தேன். எத்தனை பென்சில் விட்டுக் கொடுத்திருக்கிறேன். அதை நினைத்தால்தான் ஆறவில்லை.

தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டு வைத்தீர்களே, அது அதைவிட மோசம். தப்பாகச் சொன்னது தெரியாமல் நடந்தது. இது தெரிந்து நடந்தது. நான் அந்த ஓட்டுநரை எடுத்தெறிந்து பேசியது யாருக்காக? நான் சரியாகப் போட்டதை என் கையாலேயே அடித்தது யாருக்காக? அந்த நேரத்தில் நீங்கள் அங்கே உட்கார்ந்து, கேள்வி வராமல் போகட்டும் என்று பிரார்த்தனை செய்துகொண்டிருந்தீர்கள்.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் தெரிய வேண்டும். சுற்றி வளைக்காமல் எழுதுங்கள். நான் தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டீர்களா? ஆமாம் அல்லது இல்லை. அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம், விளக்கம் வேண்டாம்.

அதன் பிறகு தேர்வு முடிவு வரும் வரை எழுத வேண்டாம். குட்டிக்குத் தனியாக எழுதுங்கள், அவள் கேட்கிறாள். லீவு போட்டுவிட்டு வர வேண்டாம். நான் அறுபத்திரண்டு வாங்க வேண்டும்.


ஏப்ரல் 13

ஆமாம்.


ஜூன் 9

அத்தானுக்கு,

எழுபத்தேழு. சராசரி ஐம்பத்தேழரை. தேறிவிட்டேன்.

நேற்று மதியம் துறை வாசலில் பட்டியல் ஒட்டினார்கள். விண்ணப்பத்தை இன்று காலை மேலாளரிடம் கொடுத்தேன். பக்கத்து மேஜைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. முடிவு வாரக் கடைசியில் தெரியும் என்றார்கள், ஆனால் மேலாளர் என்னிடம் இப்போதே சாவிக் கொத்து எங்கே இருக்கும் என்று காட்டிவிட்டார்.

உங்கள் 'ஆமாம்' வந்த அன்று குட்டிக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்புறம் எழுந்து முகம் கழுவிக்கொண்டு கணக்குப் போட உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம் நிமிரவில்லை. அன்றிலிருந்து தேர்வு வரை அப்படித்தான் படித்தேன். உங்கள் மேல் இருந்த ஆத்திரம் எனக்கு நல்ல டியூஷனாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் உண்மை எழுதினீர்கள் என்பதால் நானும் ஒன்று எழுதுகிறேன். பட்டியலில் என் எண்ணைப் பார்த்துவிட்டேன், எழுபத்தேழு. உடனே கண் எங்கே போனது தெரியுமா? பஸ்காரர் எண்ணுக்கு. அறுபத்து நாலு. பார்த்ததும் உள்ளுக்குள் ஒரு இனிப்பு. எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்த மனுஷன், நான் எடுத்தெறிந்து பேசியும் மறு வாரமே நோட்டைத் திறந்து உட்கார்ந்த மனுஷன். என்னைவிடப் பதின்மூன்று குறைவு என்று பார்த்து எனக்குச் சந்தோஷம். அவர் பின்னாலிருந்து "தங்கச்சி, முந்திட்டியே" என்றார். அவர் குரலும் ஒரு மாதிரி இருந்தது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம், ஆனால் கண்ணைப் பார்த்துக்கொள்ளவில்லை. அரைப் பருவத்திலிருந்தே எனக்கு அவர் மேல் அது இருந்திருக்கிறது. எழுபத்தொன்று, எழுபத்தொன்று என்று மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

அதனால் பொறாமை என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். உங்களை மன்னித்துவிட்டேன் என்றும் நினைக்க வேண்டாம். நான் அவர் நோட்டைக் கிழிக்கவில்லை. நீங்கள் என் தாளைக் கிழித்தீர்கள். அந்த வித்தியாசம் அப்படியேதான் இருக்கிறது.

குட்டி அப்பா எப்போது வருவார் என்று தினமும் கேட்கிறாள். அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீங்கள் வரலாமா வேண்டாமா என்பதை ஒன்றை வைத்துத்தான் முடிவு செய்யப் போகிறேன். எழுபத்தேழு என்று படித்ததும் உங்களுக்கு முதலில் என்ன தோன்றியது? எனக்குப் பிடிக்கும்படி எழுத வேண்டாம். தோன்றியதை எழுதுங்கள்.

வாயாடி


ஜூன் 14

வாயாடிக்கு,

முதலில் தோன்றியது சந்தோஷம் இல்லை. என்னுடைய இருபத்து மூன்று, பத்தொன்பது, இரண்டையும் கூட்டினாலும் நாற்பத்திரண்டுதானே என்று தோன்றியது. அடுத்ததாக, தாள் திருத்தியவர் கை தாராளமோ என்று தோன்றியது. இவ்வளவும் நீ அதற்குக் கீழே எழுதியதைப் படிப்பதற்கு முன்னால். பொய் சொன்னால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்பதற்காக இதை எழுதவில்லை. நீ கேட்டாய், அதனால் எழுதுகிறேன்.

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் போனேன். இரண்டு பக்கமும் இன்னும் நாற்பது மீட்டரில் சந்தித்துவிடும். எல்லாரும் மும்முரமாக இருந்தார்கள். நான் கருவியை நிமிர்த்தி வைத்துக் கோணம் பார்க்கிறேன், மூன்று முறை பார்த்தும் எண் மனசில் நிற்கவில்லை. குறித்துக்கொள்கிற ஆள், "சார், என்ன ஆச்சு இன்னைக்கு?" என்றார். "ஒண்ணுமில்ல. என் வீட்டுக்காரி நுண்கணிதத்துல எழுபத்தேழு வாங்கியிருக்கா" என்றேன். வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அது நடந்தது. சந்தோஷம் வந்தது. தாமதமாகத்தான் வந்தது. ஆனால் வந்தது.

சுற்றி நின்றவர்கள் எல்லாம் கருவியை விட்டுவிட்டு வந்து கையைக் குலுக்கினார்கள். ஃபோர்மன் என் முதுகில் தட்டி, "நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே சார்" என்றார்.

பழைய ஆளாக இருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். வாய் வரைக்கும் அந்தச் சிரிப்பு வந்தது, அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

"இல்லங்க" என்றேன். "நான் அதே பாடத்துல ரெண்டு தடவை ஃபெயில். அவளுக்குத் தப்பா சொல்லிக் கொடுத்தேன். தப்புன்னு தெரிஞ்ச பிறகும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். என்னையும் மீறித்தான் வாங்கியிருக்கா."

ஃபோர்மன் கையை என் முதுகிலிருந்து எடுத்துக்கொண்டார்.

உன்
அத்தான்